நூற்று நாற்பது புத்தகங்களை ரைட்-ஆஃப் செய்யச் சொன்னார்கள்

தீவு நாட்டுத் தலைநகரான சுவாவில் ஓர் ஆய்வு நூலகத்தில், புத்தகங்களைப் பட்டியலிடும் கேட்டலாகராக நான் சேர்ந்த இரண்டாம் வருடம் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஆறே மாதத்தில், பதினொரு பேரில் ஆறு பேர் ஆக்லாந்துக்கும் பிரிஸ்பேனுக்கும் விசா வாங்கிப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்களை வைத்து நூலகத்தை மாற்றியமைக்க தலைமை நூலகர் ஒரு திட்டம் போட்டார். வெளித்தீவு மாணவர்களுக்குக் கப்பலில் புத்தகம் அனுப்பும் எக்ஸ்டென்ஷன் செக்‌ஷன் அதில் இல்லை.

“போன புத்தகம் இனி வராது. நூற்று நாற்பதையும் கணக்கிலிருந்து ரைட்-ஆஃப் செய்து லிஸ்ட் கொடுங்கள்,” என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். நல்ல பெண்மணிதான். காலி நாற்காலிகளைப் பார்த்துப் பார்த்துக் களைத்திருந்தார்.

அந்த செக்‌ஷனில் மிச்சம் இருந்தவர் சின்னசாமி அண்ணன் ஒருவர்தான். பா என்ற ஊரில் கரும்பு விவசாயக் குடும்பம். பார்சல் கட்டுவது அவர் வேலை. தீவை டாபு என்பார், கப்பலை ஜகாஜ் என்பார்.

“இன்னா மேடம் அவசரம்? டாபுக்கு ஜகாஜே ஓடல. அப்புறம் புக்கு எப்டி வரும்? கொஞ்சம் பொறுங்க,” என்றார் என்னிடம்.

எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அவர் வேலைக்கு உலை வைக்கும் காகிதத்தை என் கையால் டைப் அடிக்க மனம் வரவில்லை. இழுத்தடித்தேன்.

மூன்று வாரம் கழித்துத் துறைமுகத்திலிருந்து ஒரு லாரி வந்தது. பாயில் சுருட்டிய எட்டு மூட்டைகள். அண்ணன் கயிற்றை அவிழ்த்தார். ஒவ்வொரு புத்தகமும் மாவுப் பைத் துணியில் வைத்துத் தைக்கப்பட்டு, மேலே மாணவர் பெயரும் தீவின் பெயரும் எழுதியிருந்தது. நான்கு தீவுகளின் மக்கள் மீன்பிடிப் படகுகளில் கைமாற்றி, ஒரு பள்ளி ஆசிரியை வீட்டில் சேர்த்து, ஓடிய முதல் கப்பலிலேயே அனுப்பியிருந்தார்கள். நாங்கள் ஒரு கடிதம்கூடப் போட்டிருக்கவில்லை.

ஆசிரியை எழுதியிருந்தார்: “நூலகத்து ஆட்கள் நாட்டை விட்டுப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். புத்தகங்கள் தொலைந்துவிடக் கூடாது. ஒன்று மட்டும் கடலில் நனைந்துவிட்டது. பக்கம் பக்கமாகக் கொடியில் காய்கிறது, அடுத்த கப்பலில் வரும். அங்கே யாராவது இருந்தால், பரீட்சைக்கு வேண்டிய புத்தகங்களை அனுப்புங்கள்.”

எண்ணிப் பார்த்தேன். நூற்று முப்பத்தொன்பது.

கடிதத்தைப் படித்த தலைமை நூலகர் மூட்டைகளுக்கு நடுவே தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். “செக்‌ஷனை மூடிவிட்டோம் என்று இவர்களுக்கு யார் எழுதுவது?” என்றார்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். “அப்டி எழுத நம்மளால ஆவாதுன்னு அவங்ககிட்ட சொல்லுங்க மேடம்.”

திட்டம் மாறியது. எக்ஸ்டென்ஷன் தப்பியது, நூலகத்திலேயே புத்தகம் இரவல் கொடுக்கும் சர்குலேஷனை அதோடு சேர்த்தார்கள். காலையில் கேட்டலாகிங், மதியத்துக்கு மேல் அண்ணனோடு பார்சல் என்று என் வேலையும் மாறியது. நனைந்த புத்தகம் அடுத்த மாதம் இரண்டு மடங்கு தடிமனில் வந்தது. ஒரு பக்கம்கூடக் குறையவில்லை. மறு வருடம் அண்ணனும் மகளிடம் பிரிஸ்பேனுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு இன்னும் மூன்று ரீஸ்ட்ரக்சரிங் கமிட்டிகளில் இருந்திருக்கிறேன். ஒரு செக்‌ஷனை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், முதலில் அதைப் பயன்படுத்துகிறவர்களுக்குக் கடிதம் எழுதுவேன். பதில் வர எத்தனை வாரம் ஆனாலும், அதுவரை கையெழுத்துப் போட மாட்டேன்.