பெருமாளுக்கு விட்ட தரிசு

திருவெள்ளறையில் எங்கள் பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாளுக்கு முப்பது ஆடுகள். ஊர்த் தரிசில் புல் அற்றுப்போனதால் ஆடுகளை விற்கும் நிலை வந்தது. பாதித் தரிசை ஆறு மாதம் மேய்க்காமல் விட்டால், புல் காற்றிலுள்ள கார்பன் என்னும் கரிச்சத்தை வேர் வழியாக மண்ணில் சேர்க்கும், மண்ணும் ஈரம் பிடிக்கும் என்றார் வேளாண்மை அதிகாரி. வேலி போட வசதியில்லை. பிச்சையம்மாள் அந்தப் பாதியைச் சுற்றிலும் குச்சி நட்டு மஞ்சள் துணி கட்டி, "இது பெருமாளுக்கு விட்டது" என்று கும்பிட்டார். அதன்பின் யாரும் ஆட்டை உள்ளே விடவில்லை.

"பெருமாள் புல்லு திங்கிறாராக்கா?" என்று கேலி செய்தார், ஆடு மேய்க்கும் வீரையன்.

"அவர் பேரைச் சொன்னாத்தானே நீ சும்மா இருக்கே."

அந்த ஆறு மாதமும் பிச்சையம்மாள் ஆடுகளுக்குத் தழை ஒடித்துப் போட்டுச் சமாளித்தார். ஐப்பசி மழையில் அந்தப் பாதித் தரிசில் முழங்கால் உயரம் புல் எழுந்தது. ஒரு ஆட்டையும் விற்கவில்லை. வீரையனையும் அவரே கூப்பிட்டார்.

"ஓட்டிட்டு வா தம்பி. மூணு நாள்தான். அப்புறம் மண்ணுக்கு ஓய்வு கொடுக்கணும்."