தறித் தூசியில் மகரந்தம்

மகரந்தத் தூளின் மேலோடு மாதிரிப் பிடிவாதமான பொருளை நான் பார்த்ததில்லை. சூடான அமிலத்தில் போட்டால் மற்றதெல்லாம் கரைந்துவிடும். அது மட்டும் அசைந்து கொடுக்காது. அந்த ஓட்டின் அமைப்பைத்தான் ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டு தினமும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறேன். வீட்டில் இதற்குப் பெயர் தூசி படிப்பு.

போன வருஷம் அக்காவுக்கு மூச்சிரைப்பு வந்தது. காஞ்சிபுரத்தில், செவிலிமேட்டு வீட்டில், தறியில் உட்கார்ந்து பட்டு நெய்கிறவள் அவள்தான். பட்டுத் தூசியாக இருக்கலாம், மூன்று மாதம் தறியை விட்டுப் பாருங்கள் என்றார் டாக்டர். அக்காவுக்கு அது உயிரை விடச் சொன்ன மாதிரி. "நீதான் தூசி படிக்கிறியே, எதுன்னு பாத்து சொல்லேன்" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள்.

தறிக்கு மேலே, சேலையில் பூ வேலைக்கான ஜக்கார்டு பெட்டியில் படிந்திருந்த தூசியை வழித்துக் கல்லூரிக்குக் கொண்டுபோய், வழக்கம்போல அமிலத்தில் சுட வைத்தேன். கண்ணாடித் தகட்டில் மகரந்தம் கொட்டிக் கிடந்தது. பாதி புல், மீதி பாலாற்றுப் பக்கத்து வேலிகாத்தான் முள்மரம். நன்றாகப் பெருக்கிப் பார்த்தால், ஓட்டின் இரண்டு படலங்களுக்கு நடுவே குட்டிக் குட்டித் தூண்கள், கோயில் மண்டபம் மாதிரி. அழகில் மயங்கி, போட்டோ எடுத்து, ‘எல்லாம் மகரந்தம்’ என்று எழுதி அக்காவுக்கு அனுப்பிவிட்டேன்.

வீடு திரும்பினால் கேசரி மணம்.

"தறி மேல குத்தமில்லன்னு ஆயிடுச்சி, பாத்தியா!" அக்கா புதுப் பாவு நூலைத் தறியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். இருமிக்கொண்டேதான்.

கேசரித் தட்டைக் கீழே வைத்தேன். என் மேலேயே எரிச்சலாக வந்தது.

"அக்கா, அந்த அமிலத்துல பட்டும் கரைஞ்சி பூடும். மகரந்த ஓடு மட்டும்தான் மிஞ்சும். தூசியில மகரந்தம் இருக்குதுன்னு சொல்லலாம். பட்டு மேல தப்பில்லன்னு சொல்ல முடியாது."

"அப்ப எப்பிடித்தான் தெரியும்?"

"தறிய விட்டுப் பாத்தாதான் தெரியும்."

அவள் கை பாவின் மேலேயே நின்றது. கத்துவாள் என்று நினைத்தேன். அவளோ அம்மாவைக் கூப்பிட்டு, அந்தப் பாவை எதிர்வீட்டுத் தறிக்குக் கொடுத்துவிடச் சொன்னாள்.

பிறகு என் பக்கம் திரும்பி, "ஒரு நாளாவது நெய்ய விட்டுட்டு சொல்லியிருக்கக் கூடாதாடி?" என்றாள்.