மைனஸ் ஒரு விநாடி

'பந்து தரையில் விழாது' என்று நான் எழுதியிருந்ததை டீச்சர் வகுப்பிலேயே வாசித்துக் காட்டினார். பிளஸ் ஒன் முதல் இடைத்தேர்வு, இயற்பியல் தாள். பதினைந்து மீட்டர் உயரக் கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரு பந்தைச் சாய்வாக மேல்நோக்கி எறிகிறார்கள். மேல்நோக்கிய வேகம் விநாடிக்குப் பத்து மீட்டர். எப்போது தரையைத் தொடும்? உயரம் எப்படி மைனஸாகும் என்று நான் வெறும் பதினைந்தைப் போட்டேன். கணக்கு போகப் போக வர்க்கமூலத்துக்குள் மைனஸ் எட்டு வந்து உட்கார்ந்தது. அதற்கு விடை கிடையாது. ஆகவே பந்து விழாது என்று துணிந்து முடித்துவிட்டேன். அம்பத்தூருக்கு மேலே ஒரு பந்து இன்னும் தொங்குகிறதாம் என்று ஒரு வாரம் ஓட்டினார்கள்.

அவர்கள் சிரிப்பைக்கூடத் தாங்கிக்கொண்டேன். காலாண்டிலும் பெயிலானால் வணிகவியல் பிரிவுக்கு மாற்றிவிடுவதாக டீச்சர் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. இந்த அறிவியல் பிரிவுதான் வேண்டும் என்று வீட்டில் இரண்டு நாள் சாப்பிடாமல் அடம்பிடித்தவள் நான். எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. மறந்துவிட்டுப் போன எதையும் யாரும் ஏறி வந்து எடுப்பதில்லை. கீழே நின்று கத்தினால் பால்கனியிலிருந்து வந்து விழும். ஒருநாள் காலை சைக்கிள் சாவியை மறந்து இறங்கிவிட்டேன். அம்மா அதைக் கைக்குட்டையில் முடிந்து எறிந்தாள். குறுக்கே துணிக்கொடி இருப்பதால் எதையும் கொஞ்சம் மேலே தூக்கித்தான் எறிவாள். சாவி மேலே போனது, இறங்கி அம்மாவின் கை உயரத்துக்கு வந்தது, அதையும் தாண்டிக் கீழே வந்தது. நான் பிடிக்கவேயில்லை.

கணக்கு அம்மாவின் கையில் அல்லவா தொடங்குகிறது! அங்கேதான் பூஜ்யம். அதற்கு மேலே பிளஸ் என்றால் கீழே எல்லாம் மைனஸ். அந்தக் கட்டடத்தின் தரை மைனஸ் பதினைந்து.

"இன்னாடி வாயப் பொளந்துகினு நிக்கிற? மணி ஆவுதுல்ல?" என்றாள் அம்மா.

சைக்கிள் கேரியரில் நோட்டை வைத்து அந்தக் கணக்கை அங்கேயே போட்டேன். இரண்டு விடைகள் வந்தன: மூன்று, மைனஸ் ஒன்று. மூன்றாவது விநாடியில் என் பந்து ஒருவழியாகத் தரைக்கு வந்தது.

பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெஞ்சுத் தோழியிடம் காட்டினேன். மைனஸ் ஒன்றை என்ன செய்வது என்று கேட்டேன்.

"மைனஸ் வந்தா அடிச்சிட்டுப் போய்கினே இருடி. எல்லாரும் அப்டித்தான்" என்றாள்.

எனக்கு மனசு வரவில்லை. ஏற்கெனவே ஒரு மைனஸை மதிக்காமல்தான் மானம் போயிருந்தது. மதியம் சோற்றைப் பிசைந்தபடியே பந்தைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தேன். எறிவதற்கு ஒரு விநாடிக்கு முன்னால் அது எங்கே இருந்திருக்கும்? சரியாகத் தரையில். யாரோ தரையிலிருந்தே, விநாடிக்கு இருபது மீட்டர் மேல்நோக்கிய வேகத்தில், ஒரு விநாடி முன்னதாக எறிந்திருந்தால், பந்து இதே உச்சிக்கு இதே வேகத்தில் வந்து இதே பாதையில் போயிருக்கும். நடக்காத ஒன்றைக்கூட கணக்கு விட்டுவைக்கவில்லை! எழுந்து நின்று கத்த வேண்டும்போல் இருந்தது. கையில் சோறு இருந்ததால் உட்கார்ந்தே இருந்தேன்.

காலாண்டில் அதே பந்து, கட்டடத்துக்கு மட்டும் நாற்பது மீட்டர் உயரம். நான்கு, மைனஸ் இரண்டு. நான்கைக் கட்டம் கட்டினேன். மைனஸ் இரண்டை அடிக்காமல் பக்கத்தில் ஒரு வரி எழுதினேன்.

தாள் கொடுக்கும் நாளில் டீச்சர் என்னுடையதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டார். மறுபடியும் நான் எழுதியதை வாசிக்கத் தொடங்கினார்: "பந்து தரையிலிருந்தே எறியப்பட்டிருந்தால், இரண்டு விநாடிக்கு முன்பே கிளம்பியிருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் அந்த வரியை இன்னொரு முறை தனக்குள் படித்தார். பிறகு தாளை என்னிடம் நீட்டினார்.

"வேற கிளாசுக்கெல்லாம் போவ வேணாம். இங்கியே குந்து."