மாயா டீச்சரின் மூச்சுக் கணக்கு

“ஊது, ஊது, ஊது, வுடாத, உள்ள இன்னும் கீது, ஊது.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் திருவொற்றியூர்த் தெருவில் இந்தக் குரல் கேட்டால், கபடி நடக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். ஒருவர் அட்டைக்குழாயைக் கவ்விக்கொண்டு, கண் பிதுங்க மூச்சளக்கும் கருவியில் ஊதிக்கொண்டிருப்பார். எதிரே குந்திக்கொண்டு கத்துகிறவர் உயிரிப்புள்ளியியல் பேராசிரியர் மாயா. புளியந்தோப்பில் பிறந்து, டெல்லி வரை போய்ப் படித்துத் திரும்பியவர். பட்டம் வாங்கினாரே ஒழிய, தொண்டையைக் கொஞ்சமும் மாற்றிக்கொள்ளவில்லை.

எண்ணூர் முதல் ராயபுரம் வரை, ஆண்டுதோறும் அதே ஆட்களின் மூச்சை அளந்து, அது வயதோடு எப்படி இறங்குகிறது என்று ஆளுக்கொரு கோடு வரைகிறார். புது ஆள் உதவமாட்டார், அதே ஆள்தான் வேண்டும். அதனால் வீடு மாறியவர்களைத் தேடி ஷேர் ஆட்டோவில் எம்.கே.பி. நகர் வரை அலைவார். கல்யாணம், காது குத்து, சாவு எதையும் விடமாட்டார். காணாமல் போனவர் யாராவது அங்கே அகப்படுவார். பையில் கணினிக்குப் பக்கத்தில் மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய் இருக்கும். அதை மட்டும் யாருக்கும் தரமாட்டார்.

“டீச்சர் போலீசாயிருந்தா ஒரு திருடன் தப்ப மாட்டான்” என்று ஊரில் சொல்வார்கள். உண்மையில் அவருக்குத் தொல்லை கொடுப்பது திருட்டல்ல, அன்பு. இந்தச் சோதனை ஏதோ டீச்சருக்கு வைக்கும் பரீட்சை என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவருக்கு நல்ல மார்க் வர வேண்டும் என்று பீடியைக்கூட ஒரு வாரம் தள்ளி வைப்பார்கள்.

துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டிய அம்புரோஸ் அதற்கும் ஒரு படி மேலே போய்விட்டார். ஒழுங்காக இறங்கிக்கொண்டிருந்த அவருடைய கோடு போன ஆண்டு திடீரென்று மேலே எகிறியிருந்தது. அந்த முறை மாயா ஊரில் இல்லை, வேறொருவர் அளந்தார். அறுபதை நெருங்கும் நுரையீரலுக்கு இப்படி வாலிபம் திரும்பாது என்று மாயாவுக்குத் தெரியும். ராயபுரத்தில் அம்புரோஸின் குடியிருப்பைத் தேடிப் போனார்.

கதவைத் திறந்த மனைவி ரோசிக்கு முகம் மாறிவிட்டது. உள்ளே அம்புரோஸ் முதுகுக்குத் தலையணை அண்டக்கொடுத்து உட்கார்ந்திருந்தார்.

“போன வருசம் ஊதுனது யாருண்ணே?”

“என் தம்பி ஜெரி. ஃபுட்பால் ஆடுறவன், நல்லா ஊதுவான்னு அனுப்புனேன். நா ஊதுனா நாஸ்தியாப் பூடும். உன் ஆராய்ச்சி பெயிலாய்ட்டா இன்னா பண்றது?”

மாயாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின. சிரிப்பை முதலில் வெளியே விட்டார்.

“அண்ணே, மூச்சு வாங்குறவங்கல்லாம் வூட்ல ஒளிஞ்சிக்கினா, என் கணக்குல இந்த ஊர் காத்து சுத்தமாய்டும். எல்லாரும் நல்லாத்தான் கீறாங்க பாருன்னு எவனாவது அந்தக் கோட்டயே நீட்டுவான். அப்புறம் உனுக்காவ நான் யார்கிட்ட போய் பேசுறது?”

அம்புரோஸ் தலையணையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ரொம்பக் கம்மியா வரும் டீச்சர்.”

“வரட்டும். உன்னுதுதான் எனுக்கு வேணும்.”

இரண்டு முறை இருமலில் கெட்டது. மூன்றாவது முறை மாயா கத்த, ரோசியும் சேர்ந்து கத்த, ஊதி முடித்தார். அளவு நன்றாகக் கீழே இறங்கியிருந்தது. அவர் கண்ணெதிரிலேயே ஜெரியின் அளவை அழித்துவிட்டு, மாயா இந்த ஆண்டுக்கு இதைப் பதிந்தார். கணக்கு சரியானதில் நிம்மதி. அந்தப் புள்ளி நின்ற இடம்தான் பிடிக்கவில்லை. மார்பு டாக்டருக்கு அங்கேயே போன் போட்டு, செவ்வாய்க்கிழமைக்கு நேரம் வாங்கிக் கொடுத்தார்.

மறைத்ததைச் சொல்லிவிட்ட தெம்பில் அம்புரோஸ் சட்டையை எடுத்து மாட்டினார். “மேல்மாடி சாலமோனும் அவன் மச்சானத்தான் அனுப்புனான். நா சொன்னாத்தான் வருவான். வா, இட்டுனு போறேன்.”

வேண்டாம் என்றால் கேட்கிற ஆளில்லை. படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஏறினார். பாதிப் படியில் நின்றுவிட்டார். திரும்பவில்லை, தோள்கள் மட்டும் ஏறி இறங்கின.

மாயா அங்கேயே படியில் உட்கார்ந்து, சரியாகவே இருந்த செருப்பு வாரைக் கழற்றி, மிக மெதுவாக மறுபடி மாட்ட ஆரம்பித்தார்.