தறிக்குழியில் இறங்கிய கியர் பாக்ஸ்

"24-7-1960, ஞாயிறு. காலை 7.10. கியர் ஆயில் இறக்கியாயிற்று. சட்டியில் முக்கால். இனி உள்ளே எண்ணெய் இல்லை."

என் நோட்டில் என் கையெழுத்தில் உள்ள குறிப்பு இது. நாளும் நேரமும் சட்டியின் அளவும் சரி. கடைசி வாக்கியம் தவறு. சட்டியில் சொட்டு விழுவது நின்றதை மட்டுமே நான் பார்த்தேன். உள்ளே தீர்ந்துவிட்டது என்பது நானாகச் செய்த முடிவு.

கார் என் அண்ணனுடையது. அவர் திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடையே தனியார் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். கார் பழைய இங்கிலீஷ் வண்டி, பின்சக்கரங்களால் ஓடுவது. அந்த ஆனி மாதம் அதன் கிளட்ச் வழுக்கத் தொடங்கியது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் இரையும். வண்டி மட்டும் நகராது. கிளட்ச் தட்டை எடுக்க வேண்டுமானால் முதலில் கியர் பாக்ஸைக் கழற்றிப் பின்னால் இழுக்க வேண்டும். திருப்பதியில் ஒர்க்‌ஷாப்பில் ஐந்து வாரம் கேட்டார்கள். எங்களுக்கு அவ்வளவு நாள் இல்லை. ஆவணி பிறந்ததும் அடுத்த வீட்டில் கல்யாணம். மாப்பிள்ளையை அழைத்துவர இந்தக் காரைத்தான் பேசியிருந்தார்கள்.

நாங்கள் இருந்தது நகரியில். அடுத்த வீட்டுக்காரர் நெசவாளர். உறவில்லை என்றாலும் அவரை மாமா என்றும் அவர் மனைவியை அத்தை என்றும் கூப்பிடுவோம். அவர்கள் மகளுக்குத்தான் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஊர் பள்ளிப்பட்டுக்குப் பக்கம். அந்த ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அது மதராஸ் ராஜ்யம், நகரி ஆந்திரப் பிரதேசம். நிச்சயம் செய்தபோது இரண்டு ஊரும் ஒரே ஜில்லாவில் இருந்தன. மாப்பிள்ளையின் தகப்பனாரும் நெசவாளர். மாமா வீட்டு வழக்கப்படி, பெண்ணைப் பெற்றவனே தன் தறியில் நெய்த வேட்டியைத்தான் மாப்பிள்ளை தாலி கட்டும்போது உடுத்த வேண்டும். அந்த வேட்டிக்கு நூல் வாங்கி வைத்திருந்தார், தறியில் நீளவாக்கில் ஏற்றும் பாவு இன்னும் ஓடவில்லை.

வண்டிக்கு அடியில் ஒரு ஆள் உட்கார இடம் இல்லாமல் கியர் பாக்ஸை இறக்க முடியாது. மாமாவின் கொட்டகையில் இரண்டு குழித்தறிகள். குழித்தறியில் நெய்பவர் தரையில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதிகட்டைகளை மிதிப்பார். ஒரு தறியில் அத்தை சேலை நெய்துகொண்டிருந்தார். பாதி பாவு இருந்தது. இன்னொரு தறியின் கால்களைக் கறையான் தின்றுவிட்டதால் தறியைப் பிரித்துச் சுவரோரம் சாத்தியிருந்தார்கள். குழி மட்டும் வெறுமனே கிடந்தது. கொட்டகையின் பின்பக்கத் தட்டியைக் கழற்றினால் கார் உள்ளே நுழையும்.

அண்ணன் கேட்டார். "நாலு நாளு குடுங்க மாமா. அஞ்சாம் நாளு குழி உங்களுது."

"குழி இன்னா மாமியார் வூட்டுப் பாயா, இஷ்டத்துக்கு வந்து படுத்துக்கினு இருக்கறதுக்கு?" என்றார் மாமா. "வியாழக்கெழம தச்சன் புதுக் கால் கொண்டாறான். அதுக்குள்ள எடுத்துக்கினு போயிடணும் டிரைவரே. மாப்பிள வேட்டி அந்தக் குழியிலதான் எறங்கப் போவுது."

சனிக்கிழமை மாலை காரை உள்ளே தள்ளினோம். பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, முன்சக்கரங்களைப் பலகைமேல் ஏற்றினோம். அண்ணன் குழிக்குள் சம்மணமிட்டு உட்கார்ந்தபோது அவர் தலைக்கு மேல் ஒரு சாண் இடைவெளியில் கியர் பாக்ஸ் இருந்தது. வேறு எந்தக் குழியும் இவ்வளவு பொருந்தியிருக்காது.

முன் சீட்டையும் கியர் லீவரையும் தரைத்தகட்டையும் அன்றே கழற்றியாயிற்று. ஞாயிறு காலை எண்ணெய் இறக்கினோம். கழற்றும் ஒவ்வொன்றையும் நான் நோட்டில் எழுதி, நட்டும் போல்ட்டும் தனித்தனி கொட்டாங்கச்சியில் போட்டு வந்தேன். ஊர்க் கணக்கு எழுதுபவரைப் போல மாமா என்னைக் கர்ணம் என்றே கூப்பிட்டார். "கர்ணம் எழுதாம காருல ஒரு திருகாணி அசையாது" என்பார்.

அடுத்தது கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டு. பின்முனையில் நான்கு போல்ட். பழையபடியே பொருத்துவதற்காக அண்ணன் இரண்டு பக்கமும் சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொண்டார். போல்ட்டுகள் வந்தன. முன்முனை கியர் பாக்ஸின் வாலுக்குள் செருகியிருந்தது.

"எண்ண எல்லாம் எறங்கிடுச்சா?" என்று குழிக்குள்ளிருந்து கேட்டார்.

நான் நோட்டைப் பார்த்து, "எறங்கிடுச்சு" என்றேன்.

அவர் தண்டை இழுத்தார். வண்டி முன்பக்கம் தூக்கியிருந்ததால் வால் பகுதியில் எண்ணெய் தேங்கியிருந்திருக்கிறது. எண்ணெய் இறக்கும் அடித்திறப்புக்கு அது வரவில்லை. தண்டு வெளியே வந்ததும் எண்ணெய் ஒரே பாய்ச்சலாகக் கொட்டியது. பாதி அண்ணனின் தலையிலும் தோளிலும், மீதி குழியின் தரையில்.

சேலைத் தறியில் இருந்த அத்தை எட்டிப் பார்த்தார். "இன்னா டிரைவரே, சனிக்கெழம நேத்தே பூட்ச்சே. இன்னிக்கி எண்ண தேச்சிக்கினு குந்திக்கினு இருக்கிறே?"

அண்ணனும் சிரித்தார், நானும். சத்தம் கேட்டு மாமா வந்தார். அவர் அண்ணனைப் பார்க்கவில்லை. குனிந்து, குழியின் தரையில் விரலை வைத்து, முகர்ந்து பார்த்தார். சாணம் மெழுகிய மண்தரை. எண்ணெய் அதற்குள் உள்ளே போய்விட்டிருந்தது.

"வெள்ள பாவு டிரைவரே" என்றார். "மிதிகட்ட இங்கதான் தொங்கும். என் காலு இங்கதான் இருக்கும். காலுல இருந்து கயித்துக்கு ஏறும், கயித்துல இருந்து நூலுக்கு ஏறும். நூலு எண்ணய மோந்தாலே குடிச்சிடும்."

"மண்ண வெட்டி எடுத்துடலாம் மாமா."

"எடுக்கலாம். வாசன போவுமா?"

அத்தை தறியை நிறுத்திவிட்டுக் குழியருகே வந்தார். "வேற ராஜ்யத்துக்குப் பொண்ணக் குடுக்கறோம். அந்த சம்மந்தி துணியத் தொட்டே எத்தினி எழன்னு சொல்ற ஆளு. நகரியில வேட்டி நெய்யறது இப்டித்தானான்னு கேக்க வைக்காத" என்றார். அண்ணனிடம் சொன்னாரா மாமாவிடமா, எனக்குத் தெரியவில்லை. சேலைத் தறியில் பாதி பாவு இருந்ததால் அதை அறுத்துவிட்டு வேட்டியை ஏற்ற வழியில்லை. அந்தக் குழி ஒன்றுதான்.

அன்று என் குறிப்புக்குக் கீழே வேறு மையில் "தவறு" என்று மட்டும் எழுதினேன். அடித்துத் திருத்தவில்லை.

வேலையைப் பாதியில் நிறுத்தினால் காரும் நகராது, குழியும் கிடைக்காது. எனவே தொடர்ந்தோம். குழிக்குள் கோணி விரித்தோம். இன்ஜின் சாயாமலிருக்க அதன் அடியில் பலகையும் ஜாக்கியும் கொடுத்தோம். இரண்டு கதவுகளின் ஜன்னல் வழியாகக் காருக்குள் ஒரு மூங்கிலைக் குறுக்கே போட்டு, தரைத் திறப்பு வழியாகக் கயிறு விட்டுக் கியர் பாக்ஸைக் கட்டினோம். சுற்றியுள்ள போல்ட்டுகளைக் கழற்றியதும் அண்ணன் அதை நேராகப் பின்னால் இழுத்தார். நான் மேலிருந்து கயிற்றைத் தளர்த்தினேன். 11.40-க்கு அது கோணிமேல் இறங்கியது. ஒரு சொட்டும் புதிதாக விழவில்லை.

திங்கட்கிழமை நான் கிளட்ச் தட்டைத் திருப்பதிக்கு எடுத்துப்போய்ப் உராயும் பட்டையான லைனிங்கைப் புதிதாக அடித்து வாங்கி வந்தேன். திரும்பப் பொருத்துவதில்தான் தகராறு. கியர் பாக்ஸின் முன்தண்டு கிளட்ச் தட்டின் நடு ஓட்டை வழியாக நுழைய வேண்டும்; தட்டு ஒரு நூல் தள்ளியிருந்தாலும் நுழையாது. செவ்வாய் முழுவதும் நுழையவில்லை. புதன் காலை மாமா வந்து பார்த்தார். எங்களிடம் ஒன்றும் கேட்காமல் ஊடை நூல் சுற்றும் தார்க்குச்சி ஒன்றை எடுத்து, ஓட்டையின் அளவுக்கு வரும்வரை அதன்மேல் நூல் சுற்றி நீட்டினார்.

"இத வுட்டு நேராக்கு. நாளைக்கி தச்சன் வரான்."

குச்சியைச் செருகித் தட்டை நடுவில் நிறுத்தி, போல்ட்டுகளை இறுக்கி, குச்சியை உருவினோம். பதினொரு மணிக்குள் கியர் பாக்ஸ் உட்கார்ந்துவிட்டது. மாலையில் காரை வெளியே ஓட்டினோம். கிளட்ச் வழுக்கவில்லை. மாமா காரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கடப்பாரையோடு குழிக்குள் இறங்கினார்.

ஒன்றரைச் சாண் ஆழம் வெட்டினோம். அதற்குக் கீழும் மண் கறுப்பாகத்தான் இருந்தது. சாம்பலும் மணலும் போட்டு இடித்து, மேலே புதுச் செம்மண் பூசி, சாணம் மெழுகினார் அத்தை. மூன்று நாள் கழித்து மாமா தரையில் வெள்ளைத் துணியை விரித்து, அதன்மேல் ஒரு கல்லை வைத்து, மறுநாள் எடுத்துப் பார்த்தார். துணியில் ஒன்றும் இல்லை. பிறகு தச்சன் கொண்டுவந்த புதுக் கால்களை நட்டுத் தறியைப் பூட்டினார். தெருவில் பாவு கட்டிக் கஞ்சி போட்ட அன்று ஆடிக் காற்று; இரண்டு முறை நிறுத்தி நிறுத்திப் போட்டார்கள்.

வேட்டி நெய்த நாட்களில் கொட்டகைக்குள் எங்களை அவர் விடவில்லை. காலில் பழந்துணி சுற்றிக்கொண்டுதான் மிதித்தார் என்று அத்தை சொன்னார். கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு வேட்டி தறியிலிருந்து இறங்கியது.

கல்யாணத்தன்று அண்ணன் பள்ளிப்பட்டுப் பக்கம் போய் மாப்பிள்ளையை அழைத்து வந்தார். முகூர்த்தத்துக்கு முன் சம்பந்தி வேட்டியைத் தட்டிலிருந்து எடுத்து, கரையோரமாகக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே வந்தார். ஒரு மடிப்பில் விரல் நின்றது. மறுபடி அதே இடத்தை நீவினார். மாமா பார்த்துக்கொண்டிருந்தார்.

"கஞ்சி இங்க கொஞ்சம் கம்மி" என்றார் சம்பந்தி.

"காத்து நாளு" என்றார் மாமா.

சம்பந்தி மடித்து மகன் கையில் கொடுத்தார். தாலி கட்டியாயிற்று.

பல வருஷம் கழித்து, சம்பந்தியின் விரல் நின்ற அந்த மடிப்பைப் பற்றி நான் மாமாவிடம் கேட்டேன். கறை எதுவும் இல்லை, காற்றில் கஞ்சி சரியாக ஏறவில்லை, அவ்வளவுதான் என்றார். அத்தையைத் தனியாகக் கேட்டபோது, சீரகம் அளவு ஒரு பொட்டு இருந்தது, மாமாவுக்குத் தெரியாமல் உவர்மண்ணும் வெந்நீரும் வைத்துத் துடைத்தேன், கஞ்சி போனது அதனால்தான் என்றார். இரண்டு பேரும் இப்போது இல்லை. மாப்பிள்ளையிடம் நான் கேட்கவில்லை. வேட்டியை விரித்தும் பார்க்கவில்லை. அந்த வேட்டியில் எங்கள் எண்ணெய் பட்டதா என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.