அப்பா காட்டாத உள்ளங்கால்

லீட்ஸுக்கு வந்த இரண்டாவது வாரம், முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் தன் இரண்டு உள்ளங்கால்களையும் என் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு, "உங்கள் ஊரிலும் இப்படித்தான் மழை பெய்யுமா?" என்று விசாரித்தார். அது சர்க்கரை நோய் உள்ளவர்களின் பாதங்களைச் சோதிக்கும் கிளினிக். அவர் சாய்வு நாற்காலியில் காலை நீட்டிப் படுத்திருக்க, நர்ஸ் ஒரு நைலான் இழையால் பாதத்தை அங்கங்கே தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே ஒரு குட்டை ஸ்டூலில் நோட்டோடு நான். நியாயமாக நான் அந்தப் பாதத்தைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் என் கண் சுவரிலிருந்த காலண்டருக்குப் போய்விட்டது. தென்காசியில் என் அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். எதிர் சீட்டில் காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்த ஒருவரை நடுவழியில் இறக்கிவிட்டு, அதற்காக மெமோ வாங்கியவர். அவருடைய மகளுக்கு இந்தக் காட்சி கொஞ்சம் அதிகம்தான்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஸ்டூலைப் பின்னால் நகர்த்தும்போது என் ஷூ, பெரியவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவியின் காலில் பட்டுவிட்டது. யோசிப்பதற்குள் கை போய் அந்த அம்மாவின் முழங்காலைத் தொட்டு, என் கண்ணில் ஒற்றிக்கொண்டது. அவர் முகம் வெளுத்துவிட்டது. "என் காலிலும் ஏதாவது இருக்கிறதா?" என்று நர்ஸிடம் கேட்டார். நான் விளக்க முயன்றேன். கால் பட்டால் தொட்டுக் கும்பிடுவது எங்கள் வழக்கம் என்று சொல்லும் அளவுக்கு அப்போது என் நாக்கில் இங்கிலீஷ் ஓடவில்லை. கடைசியில் சுகரே இல்லாத அந்த அம்மாவும் சாக்ஸைக் கழற்றிப் பரிசோதனை செய்துகொண்டுதான் வீட்டுக்குப் போனார்.

நான் இங்கே என்ன செய்கிறேன் என்பது ஊரில் பலருக்கும் இன்னும் பிடிபடவில்லை. சத்துணவியல் முடித்துவிட்டு, நீரிழிவு, உடல் பருமன் பற்றி நோயாளிகளுக்கான தகவல்களைத் தயாரிக்கும் ஓராண்டு மாணவர் ஃபெலோஷிப்பில் வந்திருக்கிறேன். டாக்டர் சொன்னதில் பாதி, வீட்டுக்குப் போவதற்குள் மறந்துவிடும். மறந்ததை எடுத்துச் சொல்லும் தாளை, படிப்பவருக்குப் புரிகிற மாதிரி எழுதுவது எங்கள் வேலை. இங்கே தமிழர்களும் இருப்பதால் தமிழ்த் தாள் என் பொறுப்பு. கிளம்பும்போது, தென்காசியை ஒட்டிய எங்கள் குத்துக்கல்வலசையில் பக்கத்து வீட்டு செல்வி அக்கா கேட்டாள்: "சுகர் நோட்டீசு எழுதவா ஏட்டி ஃப்ளைட் ஏறிப் போற? அத நம்ம மெடிக்கல் ஸ்டோர்லயே கட்டு கட்டா வச்சிருக்கான்லா." அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "போய்ட்டு வா. எழுதுனவன் ஒருத்தன் இருந்தாத்தானே கட்டு கட்டா வைக்க முடியும்" என்றார்.

எனக்கு வழிகாட்டி ஹெலன் என்ற பெண்மணி. கண்டிப்பானவர், ஆனால் பிஸ்கட் டப்பாவை எப்போதும் என் பக்கம் நகர்த்தி வைப்பார். சொற்களில் அவருக்கு மடி ஆசாரம் அதிகம். யாரையும் குண்டு என்று எழுதக் கூடாது, உடல் பருமனோடு வாழ்பவர் என்றே எழுத வேண்டும். சர்க்கரை நோயாளி கூடாது, நீரிழிவோடு வாழ்பவர். ஒருவரை அவருடைய நோயின் பெயரால் கூப்பிடக் கூடாது என்பது கொள்கை. எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் தெருவிலோ காலை நடைக்குப் போகிறவர்கள் வணக்கத்துக்குப் பதில் "எவ்வளவு இருக்கு?" என்று சுகரைத்தான் விசாரித்துக்கொள்வார்கள். லீவுக்குப் போனால், "நல்லா சதை போட்டிருக்க ஏட்டி" என்று மனம் குளிர்ந்து சொல்வார்கள். புதிய கொள்கையை அப்பாவிடம் போனில் விளக்கினேன். "இனிமே நீங்க சுகர் பேஷண்ட் இல்லப்பா, நீரிழிவோடு வாழ்பவர்." "நான் வாழ்ந்தது உங்க அம்மைகூட. இது சும்மா ஒட்டிக்கிட்டுக் கெடக்கு" என்றார் அப்பா.

அம்மா போய் நான்கு வருடம் ஆகிறது. நான் ஒரே பிள்ளை. வீட்டில் அப்பா மட்டும். முப்பது வருடம் ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்ற கால் அவருடையது. வாசுதேவநல்லூர் ரூட்டில் எந்தப் பள்ளத்தில் வண்டி எந்தப் பக்கம் சாயும் என்று அந்தக் காலுக்கு முன்கூட்டியே தெரியும் என்பார். சாரல் சீசன் வந்தால் ஐந்தருவிக்கு ஸ்பெஷல் பஸ் ஓட்டுவார்கள். கடைசி நடை முடிந்ததும் காக்கியை மடித்து வைத்துவிட்டு அருவியில் நின்றுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்.

நான் இங்கே வருவதற்கு முந்திய சீசனில் இருவரும் சேர்ந்து போனோம். நான் பெண்கள் பக்கத்தில் குளித்துவிட்டு வெளியே வந்து, பஜ்ஜிக் கடைகளுக்கு முன்னால் நடுங்கிக்கொண்டு நின்றேன். அப்பா தலையைக்கூடத் துவட்டாமல் வந்தார். பாதையின் ஓரத்தில் அருவித் தண்ணீர் கணுக்கால் ஆழத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதில் நின்றுகொண்டு, "இந்த வருசம் ஒரு கூத்து பாத்தியா? மேல விழுத தண்ணி ஐஸ் கணக்கா இருக்கு. கீழ ஓடுதது குளிரவே மாட்டேங்கு" என்றார். நான் சிரித்தேன். கீழே வருவதற்குள் தண்ணீர் பஜ்ஜி எண்ணெயில் சூடேறிவிட்டது என்று கிண்டல்கூடச் செய்தேன். லீட்ஸில், கால் மரத்துப்போவதன் முதல் அறிகுறிகளைப் படித்து எழுதிக்கொண்டிருந்த ஒரு பகலில்தான் அந்தத் தண்ணீர் நினைவுக்கு வந்தது. எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எனக்கே சொல்லியிருக்கிறார். பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய் வராந்தாவில் நின்றேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

பாதப் பராமரிப்பு பற்றிய அந்தத் தாளை அச்சுக்கு அனுப்புமுன் உண்மையான வாசகர்களிடம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்று கட்டங்கள்: செய்வேன், செய்ய மாட்டேன், எனக்குப் பொருந்தாது. இங்குள்ள தமிழர்கள் சிலரிடம் கொடுத்தேன். அப்பாவுக்கும் ஒன்று அனுப்பினேன். அவர் அதைப் பிரிண்ட் எடுத்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டு, டிக்கட் பரிசோதகரின் அறிக்கையைப் படிப்பது போலப் படித்திருக்கிறார். 'வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதீர்கள்' என்ற வரிக்கு, செய்ய மாட்டேன் என்ற கட்டத்தில் டிக். போனில் கேட்டேன். "உங்க அம்ம படம் இருக்க ரூமுக்குள்ள செருப்பு போட்டுட்டுப் போவச் சொல்லுதியா?" என்றார். 'தரையில் கண்ணாடியை வைத்துப் பாதத்தின் அடியைப் பாருங்கள்' என்பதற்கும் செய்ய மாட்டேன். சுகர் அவர் கண்ணையும் விட்டுவைக்கவில்லை. "கருப்பா ஒண்ணு தெரியுது. அதக் காலுன்னு நம்பிக்கிட வேண்டியதுதான்." அடுத்த வரி நான் மிகவும் யோசித்து எழுதியது. 'உங்களால் பார்க்க முடியாவிட்டால், வீட்டில் உள்ள ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.' அதற்கு எதிரே பொருந்தாது என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தார்.

அவர் அதைக் குத்திக் காட்டுவதற்காகச் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தார், அவ்வளவுதான். ஆனாலும் அன்று எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. வீட்டில் உள்ள ஒருவர் என்றால் அது நான்தானே. மறுநாள் அப்பாவோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டேன். தினமும் காலையில் குளித்ததும் காலை நன்றாகத் துடைத்துவிட்டு, அடிப்பாதத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்ப வேண்டும். "சரி, அனுப்புதேன்" என்றார்.

ஒப்பந்தம் என்றால் அப்பாவுக்கு ஒப்பந்தம்தான், ஒருநாள் தவறவில்லை. ஆனால் வந்த போட்டோ ஒவ்வொன்றிலும் கால்கள் இரண்டும் சேர்த்து வைக்கப்பட்டு, மேலிருந்து எடுக்கப்பட்டிருந்தன. வெட்டிய நகம், சுத்தமான விரல்கள், பூஜை அறைப் படத்தில் இருப்பது மாதிரி. "இது மேல்பக்கம்ப்பா. அடியை எடுங்க" என்று இரண்டு முறை சொன்னேன். "எடுக்கேன், எடுக்கேன். அடியும் இதே மாதிரிதான் இருக்கு" என்றார். மூன்றாவது முறை சொல்லியிருக்க வேண்டும். இங்கே வேலை குவிந்திருந்தது. தினமும் காலையில் ஊரிலிருந்து அந்தப் படம் வருவதே எனக்குத் தெம்பாக இருந்தது. பார்த்தவுடன் ஒரு இதயக் குறி போட்டுவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன். இதை நான் யாரிடமும் குறைத்துச் சொல்லப் போவதில்லை. ஊராருக்குப் பாதம் பற்றித் தாள் எழுதிக்கொண்டே, இரண்டு மாதம் என் அப்பாவின் பாதத்தின் தவறான பக்கத்துக்கு இதயம் போட்டுக்கொண்டிருந்தேன்.

செல்வி அக்காதான் கூப்பிட்டாள். "அண்ணாச்சி நடந்த எடமெல்லாம் தரையில சொட்டுச் சொட்டா கறை கெடக்கு. கேட்டா மாம்பழச் சாறுங்காவ. சுகர்காரவுக வீட்ல ஏது ஏட்டி மாம்பழம்?" அப்பாவுக்கு உடனே வீடியோ கால் போட்டேன். "காலைத் தூக்கிக் காட்டுங்கப்பா." அவர் முகத்தை மட்டும் காட்டினார். மறுபடியும் சொன்னேன். இந்த முறை குரலை உயர்த்திவிட்டேன். அவர் கோபப்படவில்லை, கூசிப்போனார். "உன் மூஞ்சிக்கு நேரா என் உள்ளங்காலத் தூக்கிக் காட்டச் சொல்லுதியா? நீ பொறந்த நாள்ல இருந்து என் கால் உன் மேல பட்டதில்ல பிள்ள" என்றார். செல்வி அக்காவைக் கூப்பிட்டுப் போனைக் கொடுங்கள் என்றேன். அவளும், "ஆம்பளையாளு கால நான் எப்படிப் பிடிச்சுப் பாக்க?" என்று தயங்கி, பிறகு தன் வீட்டுக்காரரைக் கூட்டி வந்தாள். சுண்டு விரலுக்கு அடியில் ஒரு குழி. அதற்குள் ஒரு சின்னக் கல் புதைந்திருந்தது. எத்தனை நாளாக அதன் மேல் நடந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. வலித்தால்தானே தெரியும்.

தென்காசி ஆஸ்பத்திரியில் எலும்பு வரை சீழ் போயிருக்கிறது என்றார்கள். சுண்டு விரலை எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் அது பாதத்துக்கும் ஏறும். கிளம்பி வருகிறேன் என்றேன். "நீ வந்தா வெரல் மொளைக்குமா? எடுத்த வேலைய முடிச்சிட்டு வா" என்றார் அப்பா. ஹெலன் விடுப்புத் தருவதாகச் சொன்னார். ஆனால் நான் திரும்பி வருவதற்குள் தமிழ்த் தாளை வேறொருவர் முடித்துவிடுவார், ஃபெலோஷிப் பாதியில் நிற்கும். போயிருக்கலாம். போகவில்லை. அறுவை சிகிச்சை நடந்த அன்று நான் அலுவலகத்தில் உட்கார்ந்து, எழுத்தின் அளவு பெரியவர்களுக்குப் போதுமா என்று ஸ்கேலால் அளந்துகொண்டிருந்தேன். அந்த நாளை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கு வெறுப்பு வருகிறது. அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தாலாவது அழுதிருப்பேன்.

நடந்ததை ஹெலனிடம் சொன்னபோது அவருக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. "உன் தந்தைக்கு அடிப்பக்கத்தைத்தான் அனுப்ப வேண்டும் என்று தெரியும். தெரிந்தும் ஏன் அனுப்பவில்லை? உன்மேல் கோபமா?" என்று கேட்டார். மரியாதை என்றேன். யார் யாருக்கு மரியாதை என்றார். அப்பா எனக்கு என்றேன். அவர் பிஸ்கட் டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். தமிழ்த் தாளில் இங்கிலீஷ் தாளில் இல்லாத ஒரு வரியைச் சேர்க்க வேண்டும் என்றேன். 'உள்ளங்காலைப் பிள்ளைகளிடம் காட்டுவது மரியாதைக் குறைவு ஆகாது.' இதற்கு மருத்துவ ஆதாரம் உண்டா என்று குழுவில் ஒருவர் கேட்டார். ஹெலன் எனக்கு முன்பாகவே, உண்டு என்று சொல்லிவிட்டார். இப்போது அது அச்சில் இருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு அப்பா அவராகவே ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். "ஆஸ்பத்திரில ஊரு பூரா பாத்தாச்சு. இனிமே நீ பாத்தா என்ன. ஆனா ஒண்ணு, பாத்துட்டேன்னு சொன்ன உடனே ரெண்டு போன்லயும் அழிச்சிருவேன். பெத்த பிள்ள போன்ல அது கெடக்கக் கூடாது." வீட்டுக்குள் போட மட்டும் புதுச் செருப்பு ஒரு ஜோடி வாங்கியிருக்கிறார். அம்மா படம் இருக்கும் அறை வாசலில் அதைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறார். அதில் நானும் விட்டுக்கொடுத்துவிட்டேன்.

இப்போது ஊரில் சீசன். இங்கேயும் தூறல்தான், ஆனால் இதில் நனைவதற்கென்று யாரும் வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை. அங்கே காலை பத்தரை ஆகும்போது இங்கே ஆறு மணி. கட்டிலில் உட்கார்ந்து போனைக் கையில் வைத்திருக்கிறேன். படம் வருகிறது. ஒரு கால் மேல் ஒரு காலை மடக்கிப் போட்டு, பக்கவாட்டில் கையை நீட்டி எடுத்தது. முதலில் சுண்டு விரல் இருந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். தையல் காய்ந்து தோல் கூடியிருக்கிறது. குதிகால், விரலிடுக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. பாத்துட்டேன் என்று உடனே அனுப்பிவிடலாம். அனுப்புவதில்லை. படத்தை மெல்ல மேலே நகர்த்துகிறேன். பாதத்துக்குப் பின்னால் எங்கள் வீட்டு ஜன்னல். கம்பியில் சாரல் துளிகள். கொடியில் காயாத துண்டு. மதில் தாண்டி செல்வி அக்கா வீட்டு முருங்கை. அதற்கும் பின்னால் மலை இருக்க வேண்டிய இடத்தில் மேகம். எல்லாம் இன்று காலைக்கு உரியவை. நான் பதில் சொல்லும்வரை இருக்கும்.

"என்ன பிள்ள, இன்னுமா பாக்குத?" என்று அப்பா கேட்கிறார்.

"இன்னும் கொஞ்சம் இருக்குப்பா" என்று எழுதுகிறேன்.