என் குரலில் பேசிய எட்டாவது ஆள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை எட்டு பேரை இண்டர்வியூ செய்தேன். அதில் ஏழு பேர் ஒரே ஆள்.

சிரிக்காதீர்கள். பெயர் வேறு, ஊர் வேறு, மீசைகூட வேறு வேறுதான். ஆனாலும்... பொறுங்கள், ஒழுங்காகச் சொல்கிறேன்.

எங்கள் ஆபீஸில் நெட்வொர்க் சப்போர்ட்டுக்கு ஒரே ஒரு இடம் காலி. ஆன்லைன் இண்டர்வியூ. ஹைதராபாத்தில் குகட்பள்ளி வீட்டிலிருந்து நான், உப்பலில் தன் வீட்டிலிருந்து என் சக அதிகாரி ரமேஷ். கேள்வி கேட்பவர்கள் கேமராவை அணைத்து வைத்திருப்போம். பதில் சொல்பவர் மட்டும் முகம் காட்ட வேண்டும். எங்கள் ஆபீஸ் வழக்கம் இது. மரியாதை கெட்ட வழக்கம்தான். ஆனால் லீவு நாளில் தலை வாராமல் உட்காரலாமே!

முதல் ஏழு பேரும் ஒரு பெரிய கம்பெனியின் சர்ட்டிஃபிகேட் வைத்திருந்தார்கள். தான் விற்கும் நெட்வொர்க் பெட்டியை எப்படி இயக்குவது என்று அந்தக் கம்பெனியே பரீட்சை வைத்துக் கொடுப்பது. எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டேன். அந்தக் கம்பெனியே உலகத்தில் இல்லை என்று வையுங்கள்; ஒரு கிளை ஆபீஸுக்கு லைன் கட்; என்ன செய்வீர்கள்?

முதல் ஆள் பதில் சொல்லாமல் கண்ணைத் தூக்கித் திரையின் மேல் மூலையைப் பார்த்தார். இரண்டாவது ஆளும் அதே மூலை. மூன்றாவது ஆளும் அங்கேயே பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது — அந்தக் கம்பெனியின் சாஃப்ட்வேரில் மெனு பட்டன் இருக்கும் இடம் அது. இப்போது அங்கே பட்டன் கிடையாது. கண் மட்டும் போகிறது. ஐந்தாவதாக வந்தவரின் ஆள்காட்டி விரல் மேஜைமேல் தானாக ஒரு தட்டு தட்டியது. அவருக்கு அது தெரியவே இல்லை.

நான் எந்தக் கட்சி என்று இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கும் உங்களுக்குத் தெரியும். ஒரு கம்பெனியின் சர்ட்டிஃபிகேட்டா, எந்தக் கம்பெனியையும் சாராத பொது சர்ட்டிஃபிகேட்டா என்று கேட்டு வரும் மெயில்களுக்கெல்லாம் பொதுவுக்கே ஓட்டுப் போட்டு வந்தவள். பார்த்தீர்களா, நான் சொன்னது சரிதானே என்று மனசுக்குள் கொஞ்சம் கொக்கரித்துக்கொண்டேன்.

எட்டாவதாக வந்தவர் ஹேமலதா. செகந்திராபாத்தில் பல தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். மூவருமே தமிழர் என்று தெரிந்ததும் இங்கிலீஷ் தானாகக் கழன்றுகொண்டது. குழந்தைக்காக ஐந்து வருடம் வீட்டில் இருந்துவிட்டு, மறுபடி படித்து பொது சர்ட்டிஃபிகேட் வாங்கியிருந்தார். இது பதினோராவது இண்டர்வியூ. மற்ற ஏழு பேருக்கும் வேறு இடம் கிடைக்கும். நடுவில் ஐந்து வருடம் விட்டவரை யார் கூப்பிடுகிறார்கள்? இதுவும் இல்லையென்றால் தேடுவதையே விட்டுவிடப் போவதாகச் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னை என்னவோ செய்தது.

அதே கேள்வியைக் கேட்டேன். அவர் மூலையைப் பார்க்கவில்லை. கடகடவென்று சொன்னார்.

"மூணு கிளை இருக்கற மருந்துக் கடை மேடம். நடுக் கிளைக்கு பிங் அனுப்பறோம். பதில் வரலேன்னா... அந்த மெஷின் செத்துப் போச்சுன்னு அர்த்தம்."

பிங் என்பது 'இருக்கியா?' என்று கேட்டு ஒரு மெஷின் இன்னொன்றுக்கு அனுப்பும் சின்னத் தகவல். ஆனால் பதில் தப்பு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்கூட பாதுகாப்புக்காக வாயை மூடிக்கொண்டிருக்கும். ரமேஷ் உடனே எனக்குத் தனியாக மெசேஜ் அனுப்பினார், இவரும் வேண்டாம் என்று.

மூன்று கிளை மருந்துக் கடை என் உதாரணம். பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கோச்சிங் சென்டரில் வகுப்பு எடுத்தபோது அவசரத்தில் எழுதிய நோட்ஸ். அந்தத் தப்பும் என்னுடையது. 'வரலேன்னா'வுக்குப் பிறகு ஒரு சின்ன நிறுத்தம் — அதுகூட என்னுடையது! முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் வாயிலிருந்து நான் பேசிக்கொண்டிருந்தேன்.

நான் சென்டரை விட்ட பிறகு அதை நடத்துபவர் பல தடவை போன் செய்தார், நோட்ஸைத் திருத்தித் தரச் சொல்லி. நான் எடுக்கவே இல்லை. யாருக்கு நேரம் இருந்தது?

என் தப்புக்கு இவர் வேலையை இழப்பதா? கேமராவை ஆன் செய்தேன். அந்த நோட்ஸ் எழுதியது நான்தான், அந்த வரி தப்பு என்று சொன்னேன்.

நெட் உறைந்துவிட்டதோ என்று பார்த்தேன். அவருக்குப் பின்னால் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அவர்தான் அசையவில்லை.

"மேடம், உங்க போட்டோ எங்க சென்டர் க்ளாஸ்ல மாட்டி இருக்கு," என்றார் மெதுவாக. "மஞ்சள் சுடிதார். மாலை போட்டு. யாராவது டவுட் கேட்டா, எழுதின மேடம் தவறிட்டாங்க, அவங்க எழுதினதுல கை வைக்கக் கூடாதுன்னு சார் சொல்வாரு. பரீட்சைக்கு முந்தி எல்லாரும் உங்களைக் கும்பிட்டுட்டுதான் போவோம்."

நிஜமாகவா என்று கேட்டேன். எனக்கே என் குரல் எங்கிருந்தோ கேட்டது.

"ஹவ் மேடம்," என்று தலையாட்டினார், ஹைதராபாத் ஆமாமில்.

மஞ்சள் சுடிதார், சென்டர் ஐடி கார்டுக்கு எடுத்த படம். எத்தனை பேட்ச் என்னைக் கும்பிட்டுவிட்டு என் தப்பை எழுதப் போயிருக்கும்? நான் பாட்டுக்கு இங்கே கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது.

ரமேஷிடம் சொல்லி அந்தக் கேள்வியை அடித்துவிட்டேன். நோட்ஸை மறந்துவிடுங்கள், உங்கள் வீட்டில் நெட் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். ஹேமலதா தடுமாறினார், யோசித்தார். முதலில் பக்கத்து வீட்டில் வருகிறதா என்று கேட்பாராம். அங்கேயும் இல்லையென்றால் கோளாறு வெளியே. அங்கே இருந்தால் தன் வீட்டு வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாற்றிப் பார்ப்பாராம். அன்று காலையிலிருந்து ஒருவர் சொந்தக் குரலில் பேசியது அப்போதுதான். ரமேஷ் மறுபேச்சில்லாமல் சம்மதித்தார்.

அன்றே சென்டர் சாருக்கு போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. செத்தவள் நம்பரிலிருந்து போன் வந்தால் யார்தான் எடுப்பார்கள்?

ஆக, எந்த சர்ட்டிஃபிகேட் நல்லது? இனிமேல் என்னைக் கேட்காதீர்கள். எதையாவது படியுங்கள். படித்த பிறகு ஒரு வயரையாவது நீங்களே பிடுங்கிப் பாருங்கள்.

ஹேமலதா இந்தத் திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தார். வாசல்வரை போய் வரவேற்று, குலுக்கக் கை நீட்டினேன். அவர் முதலில் பார்த்தது என் காலைத்தான் — தரையில் படுகிறதா என்று.

நானும் ஒரு தரம் குனிந்து பார்த்துக்கொண்டேன்.